தொலைவும் பயண நேரமும்: கொல்கத்தா – அகர்தலா வான்வழி

கொல்கத்தாவின் டம்டம் விமான நிலையத்திற்கும் திரிபுரா மாநிலத் தலைநகரான அகர்தலாவின் விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள வான்வழித் தொலைவு ஏறத்தாழ 317 கிலோமீட்டர். சென்னைக்கும் திருச்சிக்கும் இடைப்பட்ட வான்வழித் தொலைவைவிட இது சற்றே கூடுதல், அவ்வளவே. விமானக் கால அட்டவணைகள் இப்பயணத்திற்கு ஒரு மணி நேர அளவை ஒதுக்குகின்றன. இதே இரு நகரங்களுக்கிடையே இந்திய மண்ணை விட்டு விலகாமல் ரயிலில் செல்பவர் ஏறத்தாழ 1,550 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டும். ஒன்றரை நாளுக்கும் மேலாக வண்டியில் இருக்க வேண்டும். ஹவுராவிலிருந்து சென்னைக்கு ரயில் பாதையின் நீளம் ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். அண்டையிலுள்ள அகர்தலாவுக்குப் போவதும், வங்காள விரிகுடாக் கரையோரமாகச் சென்னைக்கு வருவதும் நீளத்தில் பெரிதும் வேறுபடவில்லை. நேரத்தைக் கணக்கிட்டால், விரைவு ரயிலுக்கு 26 மணி நேர அளவே பிடிக்கும் சென்னைதான் கொல்கத்தாவுக்கு அருகில் இருக்கிறது!

இந்த முரண்பாட்டை ஓர் எளிய விகிதத்தால் அளந்து பார்க்கலாம். கொல்கத்தாவுக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,390 கிலோமீட்டர். ரயில் தொலைவை இதனால் வகுத்தால் 1.2 என்ற எண் கிடைக்கும். மலைகளும் ஆறுகளும் உள்ள எந்த நாட்டிலும் தரைவழி, வான்வழியைவிட இந்த அளவுக்கேனும் வளைந்து செல்வது இயல்பு. கொல்கத்தா – அகர்தலாவுக்கு இதே விகிதம் ஏறத்தாழ 5. இந்த வேறுபாட்டிற்கு மலையோ ஆறோ முழுக் காரணம் அன்று. 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வரைபடத்தின்மீது வரையப்பட்ட ஒரு கோடே முதற் காரணம். பயண நேரம் என்பது பொறியியல் கணக்கு என்று கருதும் மாணவர்கள், அது எந்த அளவுக்கு ஆட்சியியல் கணக்காகவும் இருக்கிறது என்பதை இந்த ஒரு வழியிலேயே காணலாம்.

அக்கௌரா மூடிய கதவு

பிரிவினைக்கு முன் அகர்தலாவில் ரயில் நிலையம் இல்லை. அதற்கான தேவையும் பெரிதாக உணரப்படவில்லை. ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவில் அசாம் – வங்காள ரயில்வேயின் அக்கௌரா நிலையம் இருந்தது. அங்கு ரயிலேறிச் சாந்த்பூர் வந்து, நீராவிப் படகில் கோயாலந்தோ அடைந்து, அங்கிருந்து மீண்டும் ரயிலில் கொல்கத்தாவின் சியால்தா நிலையத்தில் இறங்குவது வழக்கமான பாதை. கோயாலந்தோவுக்கு 1871லேயே ரயில் வந்துவிட்டது. சமஸ்தானத்தின் மாணவர்களும் வணிகர்களும் வழக்குரைஞர்களும் இவ்வழியே சென்று வந்தனர்.

நாடு பிரிந்தபோது அக்கௌரா கிழக்குப் பாகிஸ்தானில் சேர்ந்தது. திரிபுரா 1949 அக்டோபர் 15 அன்று இந்திய ஆட்சியின் கீழ் வந்தபோது, மூன்று பக்கமும் அயல்நாடு சூழ்ந்த நிலப்பகுதியாக இருந்தது. அதன் எல்லையில் 856 கிலோமீட்டர் இன்று வங்கதேசத்தை ஒட்டியது. மீதியுள்ள சிறு பகுதியே அசாமையும் மிசோரமையும் தொடுகிறது. அசாமே அப்போது ரயிலால் இந்தியாவுடன் இணைக்கப்படாமல் இருந்தது. வட வங்காளத்தின் குறுகிய நிலப்பட்டையின் வழியே ஏறத்தாழ 229 கிலோமீட்டர் நீளத்திற்குப் போடப்பட்ட அசாம் ரயில் இணைப்பு, இரண்டே ஆண்டுகளில் முடிக்கப்பட்டு 1950 ஜனவரியில் திறக்கப்பட்டது. அக்காலப் பொறியாளர்களின் பெருஞ்சாதனைகளுள் ஒன்று அது. ஆயினும் திரிபுராவுக்கு அதனால் உடனடிப் பயன் மிகுதியாகக் கிடைக்கவில்லை. மாநிலத்தின் வட கோடியிலுள்ள தர்மநகருக்கு ரயில் வந்தது 1964இல். அங்கிருந்து தலைநகருக்கு மலைப்பாதையில் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் இருந்தது. அகர்தலாவுக்கு மீட்டர் பாதை ரயில் வந்தது 2008இல். அகலப் பாதையில் பயணிகள் ரயில் ஓடத் தொடங்கியது 2016இல். விடுதலைக்கும் அகர்தலாவின் அகலப் பாதைக்கும் இடையே அறுபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

இந்த நீண்ட இடைவெளியை நிரப்பியது விமானம். அகர்தலா விமானத்தளம் 1942இல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மன்னர் வீர விக்ரம் கிஷோர் மாணிக்யா அளித்த நிலத்தில் அமைந்தது; நேசநாட்டு விமானங்கள் பர்மாப் போர்முனைக்குச் சரக்கு ஏற்றிச் செல்ல அது பயன்பட்டது. போருக்கென அமைத்த ஓடுபாதை, போர் முடிந்த சில ஆண்டுகளிலேயே ஒரு மாநிலத்தின் மூச்சுக்குழாயாக மாறியது. இரட்டை எஞ்சின் டகோட்டா விமானங்கள் பயணிகளை மட்டுமன்றிச் சரக்குகளையும் சுமந்தன. 1953இல் இந்தியன் ஏர்லைன்ஸ் கழகம் அமைக்கப்பட்ட பின்னர் இச்சேவை அரசுத் துறையின் பொறுப்பாயிற்று. மாநிலத்திற்குள்ளேயே கைலாசகர், கமல்பூர், கோவாய் ஆகிய சிற்றூர்களுக்கும் விமானங்கள் சென்றன. சாலை சீர்பட்டதும் அச்சிறு தளங்கள் கைவிடப்பட்டன. தமிழ்நாட்டில் வட்டத் தலைநகரங்களுக்குப் பேருந்து செல்வதுபோல் அங்கே ஒரு காலத்தில் விமானம் சென்றது என்பது இன்று வியப்பளிக்கலாம்; அது செல்வச் செழிப்பின் அடையாளம் அன்று, வேறு வழியின்மையின் அடையாளம்.

வான்வெளிக்கும் எல்லை உண்டு

விமானம் எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறந்துவிடும் என்று பொதுவாக எண்ணப்படுகிறது. 1944ஆம் ஆண்டின் சிகாகோ உடன்படிக்கையின்படி ஒவ்வொரு நாட்டிற்கும் தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளியில் முழு இறைமை உண்டு. கொல்கத்தாவிலிருந்து அகர்தலாவுக்கு நேர்கோட்டில் பறக்கும் விமானம் வழியின் பெரும்பகுதியை வங்கதேசத்தின் மேலேயே கடக்கிறது. 317 கிலோமீட்டர் என்ற எண், அந்நாட்டின் இசைவு இருக்கும்வரை மட்டுமே உண்மை.

1965 செப்டம்பர் போரின்போது கிழக்குப் பாகிஸ்தானின் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடப்பட்டது. கொல்கத்தாவிலிருந்து வடக்கே பாக்டோக்ரா, அங்கிருந்து கிழக்கே குவாஹாட்டி, பின்னர் தெற்கே திரும்பி அகர்தலா என்று வழியைக் கணக்கிட்டால், ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலாகிறது. தாஷ்கண்ட் உடன்பாட்டிற்குப் பின் 1966இன் தொடக்கத்தில் வான்வெளி மீண்டும் திறந்தது. ஆனால் அதே போரில் நின்றுபோன இருநாட்டு ரயில்களும், கொல்கத்தாவிலிருந்து அசாம் சென்ற ஆற்றுக் கப்பல்களும் முன்போல் திரும்பவில்லை.

ஐந்தாண்டுகளுக்குப் பின் இதே சிக்கல் தலைகீழாக எழுந்தது. 1971 ஜனவரி 30 அன்று ‘கங்கா’ என்ற இந்தியன் ஏர்லைன்ஸ் விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு எரிக்கப்பட்டதைத் தொடர்ந்து, பிப்ரவரியில் இந்தியா தன் வான்வெளியில் பாகிஸ்தான் விமானங்கள் பறப்பதைத் தடை செய்தது. கராச்சியிலிருந்து டாக்கா செல்லவேண்டிய விமானங்கள் தீபகற்பத்தைச் சுற்றிக்கொண்டு கொழும்பு வழியே பறக்க நேர்ந்தது. ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே பயணத் தொலைவு ஒரே நாளில் இருமடங்குக்கு மேல் பெருகிற்று. இத்தகராறு பன்னாட்டுச் சிவில் விமான அமைப்பின் மன்றத்திற்குச் சென்று, அம்மன்றத்தின் அதிகாரவரம்பு பற்றிய கேள்வியாகப் பன்னாட்டு நீதிமன்றத்தையும் எட்டியது. 1972 ஆகஸ்டில் தீர்ப்பு வழங்கப்பட்டது. அதற்குள் வங்கதேசம் தனிநாடாகிவிட்டிருந்தது.

வேகம் குறைக்காத நேரம்

மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 270 கிலோமீட்டர் அளவில் பறந்த டகோட்டா, 317 கிலோமீட்டரைக் கடக்க ஒரு மணி பத்து நிமிடம் எடுத்துக்கொண்டிருக்கும். இன்றைய ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 830 கிலோமீட்டர் அளவில் செல்லக்கூடியது. அந்தக் கணக்கில் 23 நிமிடத்தில் அகர்தலா வந்துவிட வேண்டும். வருவதில்லை. மேலே ஏறுவதற்கும் கீழே இறங்குவதற்குமே வழியின் பெரும்பகுதி செலவாகிவிடுகிறது. உச்ச வேகத்தில் பறக்கும் நேரம் சில நிமிடங்களே. அட்டவணையில் அச்சிடப்படும் நேரம், சக்கரங்களுக்கு முன்னுள்ள கட்டைகளை அகற்றி விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து, சென்றடைந்த இடத்தில் மீண்டும் கட்டை வைப்பது வரையிலான நேரமாகும். ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், வரிசையில் காத்திருப்பதும், குளிர்காலக் காலைகளில் டம்டம் நிலையத்தைச் சூழும் மூடுபனிக்காகப் பொறுத்திருப்பதும் வேகத்தால் குறையாதவை. வேகம் மும்மடங்கானபோது, குறுகிய வழிகளில் நேரம் மூன்றில் ஒரு பங்காகவில்லை.

பயணியின் நோக்கில் கணக்கு இன்னும் வேறுபடும். விமானம் புறப்படுவதற்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் முன்பே நிலையத்தில் இருக்க வேண்டும். பாதுகாப்புச் சோதனை உண்டு. பெட்டிக்காகக் காத்திருப்பு உண்டு. தெற்குக் கொல்கத்தாவிலிருந்து டம்டம் வருவதற்கு ஆகும் நேரம், நெரிசல் மிகுந்த வேளையில், வானில் இருக்கும் நேரத்தை மிஞ்சிவிடக்கூடும். விமான நிலையத்திற்கு 2006இல் தொடங்கப்பட்ட புறநகர் ரயில் பின்னர் கைவிடப்பட்டது. நோவாபாராவிலிருந்து விமான நிலையம் வரையிலான மெட்ரோ பாதை 2025 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது. அகர்தலாப் பயணிக்கு எந்தப் புதிய ஜெட் விமானமும் மிச்சப்படுத்தாத நிமிடங்களை இந்தச் சிறு ரயில் பாதை மிச்சப்படுத்தும் என்று சொல்வது மிகையாகாது. போக்குவரத்துத் திட்டங்களைப் பரிசீலிக்கும் அலுவலர்கள், நிலையத்திலிருந்து நிலையம் வரையிலான நேரத்தை விட்டுவிட்டு வாயிலிலிருந்து வாயில் வரையிலான நேரத்தைக் கணக்கில் கொள்வதே முறையாகும்.

வேகத்தைவிட ஏற்பாடு பெரிது என்பதற்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1949 ஜனவரியில் இரவு விமான அஞ்சல் தொடங்கியது. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் இரவில் புறப்பட்ட விமானங்கள் நாகபுரியில் கூடி, அஞ்சல் பைகளை மாற்றிக்கொண்டு, விடிவதற்குள் தத்தம் நகருக்குத் திரும்பின. சென்னையில் மாலையில் இட்ட கடிதம் நாகபுரி சுற்றி, நேர்வழியைவிட ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, மறுநாள் காலை கல்கத்தா சேர்ந்தது. நீண்ட வழி, குறைந்த நேரம்!

யாருக்கு எத்தனை நேரம்?

தொலைவைப் பற்றிய எல்லாக் கணக்குகளிலும் கட்டணம் மறைந்து நிற்கிறது. ஒரு மணி நேரப் பயணம் என்பது விமானச் சீட்டு வாங்க இயன்றவருக்குத்தான் ஒரு மணி நேரம். இயலாதவருக்கு அதே கொல்கத்தா ஒன்றரை நாள் தொலைவில் இருக்கிறது. நோய்வாய்ப்பட்ட தந்தையைக் கொல்கத்தா மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் ஓர் எழுத்தருக்கும், அதே நோய்க்காக அதே மருத்துவமனைக்குச் செல்லும் ஓர் அன்னாசித் தோட்டத் தொழிலாளிக்கும் இடையிலான வேறுபாடு 36 மணி நேரத்திற்கும் மேற்பட்டது.

இதை உணர்ந்தே அரசு வெவ்வேறு காலங்களில் தலையிட்டது. வடகிழக்குப் பகுதியின் சிறு தளங்களை இணைப்பதற்கென 1981இல் வாயுதூத் நிறுவப்பட்டது. தனியார் விமான நிறுவனங்கள் பெருகியபோது, 1994இல் வழிப் பங்கீட்டு விதிகள் வந்தன: தில்லி – கொல்கத்தா, கொல்கத்தா – சென்னை போன்ற வருவாய் மிக்க 12 முதன்மை வழிகளில் ஒரு நிறுவனம் இயக்கும் திறனில் குறைந்தது 10 விழுக்காட்டிற்கு இணையான திறனை வடகிழக்கு, ஜம்மு காஷ்மீர், அந்தமான், லட்சத்தீவு ஆகிய பகுதிகளிலும் இயக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். 2017இல் பறக்கத் தொடங்கிய உடான் திட்டம் சிறு நிலையங்களுக்கான பயணத்தில், ஒரு மணி நேரப் பறப்பிற்கு ரூ. 2,500 என்ற உச்சவரம்பைக் குறிப்பிட்ட இருக்கைகளுக்கு விதித்தது. இவற்றுள் 1994ஆம் ஆண்டு விதி கவனிக்கத்தக்கது. அது இருக்கைகளின் எண்ணிக்கைக்கு உறுதி அளித்தது. கட்டணத்திற்கு உறுதி அளிக்கவில்லை. துர்க்கா பூசை விடுமுறையில் ஊர் திரும்பும் மாணவர் நெரிசலுக்கு அது விடையாகவில்லை. பயணத்திற்கு மாற்று வழி உள்ள சென்னையையும், நடைமுறையில் மாற்று வழியே இல்லாத அகர்தலாவையும் ஒரே சந்தை விதிக்கு உட்படுத்துவது நியாயமான கணக்கன்று.

பயணத்தின் தேவையையே குறைத்த நடவடிக்கைகள் இன்னும் உறுதியான பலனைத் தந்துள்ளன. திரிபுராவின் கல்லூரிகள் நெடுங்காலம் கல்கத்தாப் பல்கலைக் கழகத்துடன் இணைக்கப்பட்டிருந்தன. 1987இல் திரிபுரா பல்கலைக் கழகம் பிறந்தது. 2005இல் அகர்தலாவில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவம் பயில விரும்பிய ஒவ்வொரு மாணவரும் மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. குவாஹாட்டி உயர்நீதிமன்றத்தின் கிளை இயங்கிய இடத்தில் 2013 மார்ச்சில் தனி உயர்நீதிமன்றம் அமைந்தது. இவை போக்குவரத்துத் துறையின் வரவுசெலவில் இடம்பெறாதவை. ஆனால் எத்தனையோ பேரின் பயண நேரத்தை அடியோடு நீக்கியவை.

சரக்குக்கு இந்த வழி இல்லை. 2016ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அசாம் – அகர்தலா நெடுஞ்சாலை அசாம் எல்லைப் பக்கத்தில் சேறாகிப் போக்குவரத்து நின்றது. திரிபுராவில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டில் எரிபொருள் லாரிகள் மேகாலயத்திலிருந்து வங்கதேசத்தின் வழியாக வரவேண்டியிருந்தது. 2022 மே மாதத்தில் அசாமின் திமா ஹசாவ் மலைகளில் ஏற்பட்ட நிலச்சரிவு, லம்டிங் – பதர்பூர் ரயில் பாதையை ஏறத்தாழ இரண்டு மாதம் துண்டித்தது. நீண்ட வழி என்பது நேரத்தை மட்டும் விழுங்குவதில்லை. முறியக்கூடிய இடங்களையும் பெருக்குகிறது.

பழைய வழி மீண்டும்

வங்கதேசத்தின் வழியே கொல்கத்தாவுக்கும் அகர்தலாவுக்கும் இடையே தரைத் தொலைவு ஏறத்தாழ 500 கிலோமீட்டரே. இவ்வழியைத் திறக்கும் முயற்சிகள் சிறிது சிறிதாக முன்னேறின. கொல்கத்தா – டாக்கா பேருந்து 1999இலும், டாக்கா – அகர்தலா பேருந்து 2003இலும் தொடங்கின. 2008 ஏப்ரல் 14 அன்று, வங்காளப் புத்தாண்டு நாளில், கொல்கத்தா – டாக்கா மைத்ரி விரைவு ரயில் புறப்பட்டது. 2015 ஜூனில் கொல்கத்தாவையும் அகர்தலாவையும் டாக்கா வழியே இணைக்கும் நேரடிப் பேருந்து தொடங்கி வைக்கப்பட்டது.

இவற்றுள் பாலாட்டானா மின் நிலையத்தின் அனுபவம் தனியே கூறத்தக்கது. திரிபுராவின் இயற்கை எரிவாயுவைக் கொண்டு 726 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி செய்யும் இந்நிலையத்திற்கான பேரெடைக் கருவிகளை வடகிழக்கின் மலைச் சாலைகள் தாங்கியிருக்க முடியாது. அவை ஆற்றுவழியே வங்கதேசத்தின் ஆஷுகஞ்ச் துறைக்கும், அங்கிருந்து சாலை வழியே அகர்தலாப் பக்கத்திற்கும் கொண்டுவரப்பட்டன. 2013 ஜூனில் நிலையம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. 2016 முதல் திரிபுராவிலிருந்து வங்கதேசத்தின் குமில்லாப் பகுதிக்கு 100 மெகாவாட் மின்சாரம் வழங்கப்பட்டது. வழி கொடுத்த அண்டை நாட்டிற்கும் அதன் பயனில் பங்கு கிடைத்தது. இசைவு என்பது நல்லெண்ணத்தால் மட்டும் நீடிப்பதில்லை. இரு தரப்புக்கும் ஆதாயம் இருக்கும் இடத்தில்தான் அது வேர் கொள்கிறது.

2023 நவம்பர் 1 அன்று அகர்தலா – அக்கௌரா ரயில் இணைப்பு இருநாட்டுப் பிரதமர்களால் காணொலி மூலம் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் 12.24 கிலோமீட்டர், இதில் 5.46 கிலோமீட்டர் இந்தியாவிலும் 6.78 கிலோமீட்டர் வங்கதேசத்திலும் உள்ளன. 1947இல் மூடிய கதவின் கீல் இதுதான். இந்தியப் பக்கத்தில் குடிநுழைவுச் சோதனைக்கும் சுங்கத்திற்கும் என அமைந்த எல்லை நிலையத்தின் பெயர் நிஷ்சிந்தபூர். வங்காளியில் கவலையற்ற ஊர் என்பது பொருள். 2024 ஜூலையில் மைத்ரி விரைவு ரயில் நிறுத்தப்பட்டது. ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியது. அதுவரை நிஷ்சிந்தபூர் வழியே பயணிகள் ரயில் ஒன்றும் ஓடத் தொடங்கியிருக்கவில்லை.